கொடையாளர் ஏன் முகமூடி போட்டார்? பேட்மேனைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

சூப்பர்மேன் பறப்பார். ஸ்பைடர்மேன் சுவரில் ஏறுவார். பேட்மேனுக்கு அந்த மாதிரி எந்தச் சக்தியும் கிடையாது. குண்டு பட்டால் ரத்தம் கொட்டும், உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். கோதம் என்ற கற்பனை அமெரிக்க நகரத்தில் வாழும் புரூஸ் வெய்ன் என்ற மனிதர்தான் அவர். பரம்பரைப் பணக்காரர். பகலில் அறக்கட்டளை நடத்துகிறார், மருத்துவமனைகளுக்கும் அநாதை இல்லங்களுக்கும் பணம் கொடுக்கிறார், விருந்துகளில் கையில் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். இருட்டியதும் வௌவால் உடையை மாட்டிக்கொண்டு கூரைகளில் ஏறிக் குற்றவாளிகளைத் துரத்துகிறார்.

ஒரு படம் பார்த்தவருக்கே இவ்வளவும் தெரிந்திருக்கும். ஆனால் புதிதாக வருபவருக்கு உடனே சில கேள்விகள் எழும். கோடி கோடியாகப் பணம் வைத்திருப்பவர் எதற்கு ராத்திரியில் அடிதடிக்குப் போக வேண்டும்? அந்தப் பணத்தை ஏழைகளுக்கே கொடுத்துவிடலாமே? போலீஸ் எதற்கு இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கான விடை அந்தப் பாத்திரம் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது. பேட்மேன் ஒரே நாளில் முழு உருவத்தோடு பிறந்தவர் அல்ல. முகமூடியும் பணமும் முதலில் வந்தன. துயரம் ஆறு மாதம் கழித்து வந்தது. கொடை வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் நம்பிக்கை.

1939: சலிப்பூட்டும் ஒரு பணக்கார இளைஞன்

1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானார். விற்பனை எகிறியது. பின்னாளில் டிசி என்று பெயர் பெற்ற அந்தப் பதிப்பகம், அதே மாதிரி இன்னொரு நாயகன் கிடைப்பானா என்று தேடியது. ஆசிரியர் வின் சல்லிவன் இதைச் சொன்னதும், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பாப் கேன் என்ற ஓவியர் ஓர் உருவத்தை வரைந்தார். சிவப்பு நிற இறுக்க உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இறக்கைகள். அதை நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். ஃபிங்கர் அப்போது செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தபடியே கேனுக்குக் கதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஃபிங்கர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன திருத்தங்கள்தான் இன்று நமக்குத் தெரியும் பேட்மேன். சின்ன முகமூடியை எடுத்துவிட்டு, காது நிமிர்ந்த தலைக்கவசம் போடு. கண்மணி தெரிய வேண்டாம், வெறும் வெள்ளையாக விடு. இறக்கையை மடிப்பு விழும் அங்கியாக்கு. சிவப்பு வேண்டாம், சாம்பலும் கறுப்பும் போதும். கைரேகை படாமல் இருக்கக் கையுறை மாட்டு. புரூஸ் வெய்ன் என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் த புரூஸிடமிருந்து முதல் பாதி, அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி ஆன்டனி வெய்னிடமிருந்து இரண்டாம் பாதி.

1939 மே தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் முதல் கதை வந்தது. இதழின் விலை 10 சென்ட், கதைக்கு 6 பக்கம். காவல் ஆணையர் கார்டனின் வீட்டில் ஒரு பணக்கார இளைஞர் புகை பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். ரசாயனக் கம்பெனி முதலாளி ஒருவர் கொல்லப்பட்டதாகத் தகவல் வருகிறது. சரி, வேறு வேலை இல்லை, நானும் வருகிறேன் என்று இளைஞர் கிளம்புகிறார். அப்புறம் கம்பெனியின் மற்ற பங்குதாரர்களும் ஒவ்வொருவராகக் குறிவைக்கப்படுகிறார்கள். கறுப்பு அங்கி அணிந்த மர்ம மனிதர் ஒருவர் குறுக்கே வந்து, கொலைகளுக்குப் பின்னால் இருப்பது பங்குதாரர்களில் ஒருவரே என்று கண்டுபிடிக்கிறார். பங்குகளை வாங்கிக்கொள்வதாகப் போட்ட ஒப்பந்தப்படி பணம் கொடுக்க மனமில்லாமல், ஆளையே தீர்த்துவிடப் பார்த்திருக்கிறார் அவர். கடைசிக் கட்டங்களில் அந்தச் சோம்பேறிப் பணக்காரரின் அறைக் கதவு திறக்கிறது. வெளியே வருவது பேட்மேன்.

இந்த முதல் கதையில் பெற்றோரின் கொலை இல்லை, பேட்மேனின் ரகசியக் குகை இல்லை, வீட்டு மேலாளர் ஆல்ஃபிரட் இல்லை, கொடையும் இல்லை. பணக்காரர் என்பது வாசகரை ஏமாற்றுவதற்கான ஒரு திரை மட்டுமே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேட்மேன் பிடித்த முதல் குற்றவாளி தெருவில் பை பறிக்கும் ஏழை அல்ல, இன்னொரு முதலாளி. பேட்மேன் என்றாலே ஏழைத் திருடர்களை உதைக்கும் பணக்காரர் என்று பின்னாளில் பேசியவர்களுக்கு இந்த ஆறு பக்கத்தைக் காட்டத் தோன்றும் எனக்கு.

பணம் எதற்கு?

பகலில் ஒன்றுக்கும் உதவாத செல்வந்தர், இரவில் வீரர் என்ற வடிவம் கேனும் ஃபிங்கரும் கண்டுபிடித்ததல்ல. பரோனஸ் ஆர்ட்சி படைத்த ஸ்கார்லெட் பிம்பர்னல் 1900-களின் தொடக்கத்திலேயே லண்டன் மேடையில் புகழ்பெற்றுவிட்டார். ஆடை அலங்காரத்தில் மட்டுமே அக்கறையுள்ள ஆங்கிலப் பிரபுவாக ஊரார் நம்பும் ஒருவர், ரகசியமாகப் பிரான்சுக்குப் போய், தலை வெட்டும் கருவியான கில்லட்டினிலிருந்து ஆட்களைக் காப்பாற்றுவார். 1919-ல் ஜான்ஸ்டன் மெக்கல்லி எழுதிய ஸோரோ அதே அச்சு: ஸ்பானிய கலிஃபோர்னியாவின் பண்ணைச் செல்வந்தரின் மகன், ஊருக்குச் சோம்பேறி, இரவில் கறுப்பு முகமூடியும் வாளும். அடுத்த ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்து அது படமாக வந்தது. 1930-களில் தி ஷேடோ என்ற மர்ம நாயகர் வானொலியிலும் மலிவுப் பத்திரிகைகளிலும் கொடிகட்டிப் பறந்தார். பேட்மேனின் முதல் கதையே ஷேடோ கதை ஒன்றைத் தழுவியது என்று ஃபிங்கரே பின்னால் ஒப்புக்கொண்டார். 1936-ல் டெட்ராய்ட் வானொலியில் தொடங்கிய கிரீன் ஹார்னெட்டின் நாயகனும் பத்திரிகை முதலாளிதான்.

ஏன் இவர்கள் எல்லோரும் பணக்காரர்கள்? கதை எழுதுபவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் விடை எளிது. ராத்திரி முழுக்க விழித்திருந்து சண்டை போடுபவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போக முடியாது, அவருக்கு நேரம் வேண்டும். கயிறு, கார், ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டும். கார்டன் வீட்டு வரவேற்பறை வரை கேள்வி கேட்பாரில்லாமல் நுழைய வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வரியில் தீர்த்துவைக்கிறது பரம்பரைச் சொத்து. கூடவே யாரும் சந்தேகப்படாத மறைவையும் தருகிறது. வசதியாக வாழ்கிறவன் உயிரைப் பணயம் வைப்பான் என்று யார் நம்புவார்?

1939-ஐயும் நினைவில் வைக்க வேண்டும். பெருமந்தம் என்ற பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிப் பத்தாண்டு ஆகியும் அமெரிக்காவில் வேலையில்லாதோர் லட்சக்கணக்கில் இருந்த காலம். கேனும் ஃபிங்கரும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். பணம் என்பது அவர்களுக்கும் அவர்களின் வாசகர்களுக்கும் கனவு. ஒரு பணக்காரன் தன் பணத்தை நமக்காகச் செலவழித்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை அந்தக் கதைகளின் அடியில் ஓடுகிறது.

எட்டு வயதுச் சிறுவனின் சபதம்

1939 நவம்பர் தேதியிட்ட 33-ஆம் இதழில், வேறொரு கதைக்கு முன்னால் ஒட்டவைத்த மாதிரி, இரண்டே பக்கத்தில் அந்தச் சம்பவம் வருகிறது. தாமஸ் வெய்ன், அவர் மனைவி, சின்ன மகன் மூவரும் சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். வழிப்பறிக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு வந்து கழுத்து நகையைக் கேட்கிறான். தடுக்க வந்த தகப்பனைச் சுடுகிறான், தாயும் இறந்துபோகிறாள். பையன் மட்டும் நிற்கிறான். சில நாள் கழித்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் கைகூப்பி, பெற்றோரின் ஆவி மேல் ஆணையிட்டு, மிச்ச வாழ்நாள் முழுவதும் குற்றவாளிகளோடு போராடப் போவதாகச் சொல்கிறான். அப்புறம் வருடங்கள் ஓடுகின்றன. அறிவியல் படிக்கிறார், உடலைத் தேற்றுகிறார், அப்பாவின் சொத்து கையில் இருக்கிறது, எல்லாம் தயார். எப்படி உருவம் எடுப்பது என்று யோசிக்கும்போது திறந்த ஜன்னல் வழியாக ஒரு வௌவால் உள்ளே பறந்து வருகிறது.

பேட்மேன் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்த இரண்டு பக்கம்தான். முன்னால் வந்த ஷேடோவும் கிரீன் ஹார்னெட்டும் மெல்ல மங்கிப்போனார்கள். அவர்களிடமும் பணம் இருந்தது, முகமூடி இருந்தது, ஆனால் எதற்காக என்ற கேள்விக்கு இவ்வளவு எளிய பதில் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது புரியும்: அம்மா அப்பாவை இழந்த பையன், வேறெந்தப் பையனுக்கும் இப்படி நடக்கக் கூடாது என்று நினைக்கிறான்.

கூர்ந்து பார்த்தால் இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. கோதமிலேயே பெரிய பணக்காரக் குடும்பம் அது. ஆனால் அந்தச் சந்தில், அந்த ஒரு நிமிடத்தில், சொத்தால் எதையும் காப்பாற்ற முடியவில்லை. கழுத்தில் கிடந்த நகைதான் எமனாகவே வந்தது. பணத்தின் எல்லையை எட்டு வயதில் கண்ணால் பார்த்தவர் புரூஸ். பணத்தை அவர் கருவியாக மட்டுமே நடத்துவதற்கும், எவ்வளவு செலவழித்தாலும் போதவில்லை என்று தானே களத்தில் இறங்குவதற்கும் இந்த அனுபவம்தான் வேர். அந்த வயது எட்டு என்று நிலைபெற்றதும், கொலைகாரனுக்கு ஜோ சில் என்று பெயர் கிடைத்ததும் பின்னால் வந்த கதைகளில்தான். 1948-ல் வந்த ஒரு கதையில் ஜோ சில்லின் முன் முகமூடியைக் கழற்றி, நீ அநாதையாக்கிய பையன் நான்தான் என்று சொல்வார் புரூஸ்.

கொடை எப்போது வந்தது?

ஆரம்பகால புரூஸ் எப்போதாவது நன்கொடை கொடுப்பார், அவ்வளவுதான். கொடையாளர் என்ற முகம் அழுத்தமாக வந்தது ஒரு வேலைக்காரரின் சாவில். 1964-ல் டிடெக்டிவ் காமிக்ஸ் 328-ஆம் இதழில், உருண்டு வரும் பாறையிலிருந்து பேட்மேனையும் அவருடைய இளம் கூட்டாளி ராபினையும் தள்ளிவிட்டு, வீட்டு மேலாளர் ஆல்ஃபிரட் உயிரை விடுகிறார். புரூஸ் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்குகிறார். 1966-ல் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது அதில் ஆல்ஃபிரட் தேவைப்பட்டார், ஆகவே காமிக்ஸிலும் அவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். உயிரோடு இருப்பவர் பெயரில் நினைவு அறக்கட்டளை எதற்கு என்று அதற்கு வெய்ன் அறக்கட்டளை எனப் பெயர் மாறியது. பேட்மேன் கதைகளில் இன்றுவரை வரும் அறக்கட்டளையின் பிறப்பு இதுதான்.

அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. 1969 டிசம்பர் தேதியிட்ட பேட்மேன் 217-ஆம் இதழ். வளர்ப்பு மகன் டிக் கிரேசன், அதாவது ராபின், கல்லூரிக்குக் கிளம்பிவிடுகிறார். வெறிச்சோடிய மாளிகையைப் பார்த்துவிட்டு புரூஸ் ஒரு முடிவு எடுக்கிறார். மாளிகையையும் குகையையும் பூட்டுகிறார். நகரத்தின் நடுவில் அறக்கட்டளைக் கட்டடத்தின் உச்சி மாடிக்குக் குடிவருகிறார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு திட்டம் தொடங்குகிறார். அதுவரை கதை குற்றவாளியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அடிபட்டவர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்த்தது அந்த இதழில்தான். ஊருக்கு வெளியே குன்றின் மேல் வசித்த செல்வந்தர் ஜனங்களுக்கு நடுவில் வந்து குடியேறியதும் சும்மா நடந்ததல்ல. வியட்நாம் போர், இனக் கலவரங்கள், அரசியல் கொலைகள் என்று அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மாளிகையில் உட்கார்ந்திருக்கும் பணக்காரரை நாயகனாக ஏற்க அன்றைய இளைஞர்கள் தயாராக இல்லை.

1976-ல் எழுத்தாளர் டென்னி ஓ'நீல் லெஸ்லி தாம்ப்கின்ஸ் என்ற பெண்ணை அறிமுகப்படுத்தினார். பெற்றோர் இறந்த இரவில் அந்தச் சந்தில் சிறுவனை அணைத்து ஆறுதல் சொன்னவர் அவர். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் பேட்மேன் அங்கே போகிறார். அந்தக் கிழவி வன்முறையே தீர்வாகாது என்று நம்புகிறவர், அதே சேரியில் கிடந்து மக்களுக்குப் பாடுபடுகிறவர். பின்வந்த கதைகள் அவரை மருத்துவராக்கின, ஏழைகளுக்கான அவருடைய சிகிச்சை நிலையத்துக்குப் பணம் கொடுப்பவராக புரூஸைக் காட்டின. ஒரே சாவுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள்: ஒருவர் முஷ்டியால், ஒருவர் மருந்தால். முஷ்டிக்காரர் மருந்துக்குச் செலவழிக்கிறார். இதைவிட நல்ல விளக்கம் பேட்மேனின் கொடைக்குக் கிடையாது.

1979 தொடக்கத்தில் லூஷியஸ் ஃபாக்ஸ் வந்தார், வெய்ன் நிறுவனத்தை நடத்தும் திறமைசாலி நிர்வாகி. பணம் எங்கிருந்தோ வருகிறது என்ற நிலை மாறி, கம்பெனி, லாபம், இயக்குநர் குழு எல்லாம் கதைக்குள் வந்தன. இதன் விளைவை 2012-ல் வந்த கிறிஸ்டோபர் நோலனின் மூன்றாவது பேட்மேன் படத்தில் தெளிவாகப் பார்க்கலாம். புரூஸ் எட்டு ஆண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார். அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றுக்கு அறக்கட்டளையின் பணம் நின்றுபோகிறது. ஏன் என்று கேட்டால், நிறுவனத்துக்கு லாபம் வந்தால்தானே அறக்கட்டளைக்குப் பணம் போகும் என்று பதில் வருகிறது. ஒருவரின் துக்கத்தால் நூறு பிள்ளைகளின் சாப்பாடு நிற்கிறது. தனி மனிதரின் கொடையை நம்பி ஓர் ஊர் இருக்கும்போது என்ன ஆகும் என்பதை இரண்டு வரி வசனத்தில் சொல்லிவிடுகிறது அந்தக் காட்சி.

முகமூடிகள் ஒன்றுக்கு மேல்

புதியவர்கள் குழம்பும் இடம் இது. புரூஸ் நிஜம், பேட்மேன் வேஷம் என்றுதான் முதலில் தோன்றும். நிறைய எழுத்தாளர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அந்த ஆள் பேட்மேன்தான், விருந்தில் சிரிக்கும் பணக்காரர்தான் வேஷம். 1992-ல் தொடங்கிய கார்ட்டூன் தொடரில் குரல் கொடுத்த கெவின் கான்ராய் இருவருக்கும் இரண்டு குரல் வைத்தார். புரூஸுக்கு லேசான, கவலையற்ற குரல். பேட்மேனுக்குத் தாழ்ந்த, உள்ளிருந்து வரும் குரல். தனியாக ஆல்ஃபிரடிடம் பேசும்போது அந்தத் தாழ்ந்த குரலே வரும்.

வேஷத்துக்கு விலையும் உண்டு. 2005-ல் வந்த நோலனின் முதல் பேட்மேன் படத்தில் புரூஸின் பிறந்தநாள் விருந்தில் எதிரிகள் கலந்திருக்கிறார்கள். வந்தவர்களைக் காப்பாற்ற வேண்டும், காரணத்தைச் சொல்லவும் முடியாது. குடித்துவிட்டு உளறுவது போல நடித்து, ஒட்டுண்ணிகளே வெளியே போங்கள் என்று அத்தனை பேரையும் திட்டித் துரத்துகிறார். அப்பாவின் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே வருந்திச் சொல்லிவிட்டுப் போகிறார். உயிரைக் காப்பாற்றியதற்குக் கிடைத்தது அவமானம். கொடையாளர் என்ற நல்ல பெயரையும் தேவைப்பட்டால் தூக்கி எறியத் தயாராக இருப்பதுதான் இந்தப் பாத்திரத்தின் உயரம்.

பணத்தைக் கொடுத்துவிட்டால் போதாதா?

நியாயமான கேள்வி. கதைக்குள்ளிருந்தே வரும் முதல் பதில், அவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது. ஆனால் கோதமில் கொடுத்த பணம் போய்ச் சேர்வதில்லை. 1987-ல் ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மட்சுக்கெல்லி வரைந்த 'இயர் ஒன்' கதையில் போலீஸ் ஆணையரே கடத்தல் கும்பலின் கையில் இருக்கிறார். இன்னும் ஆணையராகாத, நேர்மையான அதிகாரியான கார்டனைச் சக போலீஸ்காரர்களே அடித்துப் போடுகிறார்கள். அதில் பேட்மேன் தெருத் திருடர்களோடு நின்றுவிடுவதில்லை. நகரத்தின் பெரிய மனிதர்களும் மாஃபியா தலைவரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்துக்குள் சுவரைப் பிளந்து நுழைந்து, கோதமின் செல்வத்தைத் தின்றது போதும், இனி உங்களில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்கிறார்.

2022-ல் மேட் ரீவ்ஸ் இயக்கிய படம் இதை இன்னும் கசப்பாகச் சொல்கிறது. தாமஸ் வெய்ன் நகரத்தின் மறுவாழ்வுக்கென்று பெரும் நிதி ஒதுக்கிவிட்டு இறந்துபோகிறார். கேட்க ஆளில்லாத அந்த நிதியைக் கும்பல்களும் அதிகாரிகளும் லஞ்சத்துக்கும் கறுப்புப் பண மாற்றத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதே படத்தில் மேயர் தேர்தலில் நிற்கும் ஒரு பெண் புரூஸிடம் நேராகவே கேட்கிறார்: உங்கள் குடும்பம் கொடைக்குப் பேர்போனது, நீங்கள் எதுவுமே செய்வதாகத் தெரியவில்லையே? அவரிடம் பதில் இல்லை. இரவு வேலையில் மூழ்கிப் பகல் கடமையைக் கைவிட்ட பேட்மேன் அவர். கொடுத்துவிட்டு மேற்பார்க்காத தகப்பனும், கொடுக்கவே மறந்த மகனும் ஒரே படத்தில் வருகிறார்கள்.

கதைக்கு வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு பணக்காரருக்கு ஆட்களை அடித்துப் பிடிக்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்? சிலப்பதிகாரம் சொல்லும் பொற்கைப் பாண்டியனும் இரவில் மாறுவேடத்தில் நகர்வலம் வந்தவன்தான். கீரந்தையின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட தவறுக்குத் தன் கையையே வெட்டிக்கொண்டான். அவன் அரசன், தண்டிக்கும் அதிகாரம் அவனிடம் இருந்தது, அதைத் தன்மேலும் செலுத்தினான். புரூஸிடம் அந்த அதிகாரம் இல்லை. அதனால்தான் அவருக்கு வேறொரு கட்டுப்பாடு தேவைப்பட்டது: கொல்வதில்லை, துப்பாக்கி தொடுவதில்லை, பிடித்தவரைச் சட்டத்திடம் ஒப்படைப்பது.

இந்தக் கட்டுப்பாடும் முதலிலேயே இருந்ததல்ல. முதல் கதையில் வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான், பேட்மேன் வருந்துவதில்லை. 1940-ல் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடும் காட்சியும் வந்தது. அதன்பிறகுதான் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனி துப்பாக்கியும் கொலையும் கூடாது என்று தடை போட்டார். சிறுவர்கள் படிக்கும் புத்தகம் என்ற கவலையில் போட்ட விதி, நாளடைவில் பாத்திரத்தின் முதுகெலும்பாகிவிட்டது. பெற்றோரைக் கொன்ற ஆயுதத்தை அவர் எப்படித் தொடுவார்? வெளியிலிருந்து வந்த தடைக்கு உள்ளிருந்தே காரணம் கிடைத்துவிட்டது.

ஆனாலும் உரிமைக் கேள்வி முழுதாகத் தீரவில்லை. அது தீராமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். பணமும் பலமும் உள்ள ஒருவர் நல்லவராக இருக்கிறார் என்பதால் மட்டும் அவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட முடியாது.

பங்காளிகள் இருவர்

இதே அச்சில் வந்த மற்ற இருவரையும் தெரிந்துகொண்டால் பேட்மேன் இன்னும் துலங்குவார். 1941-ல் வந்த கிரீன் ஏரோ, அதாவது ஆலிவர் குவீன், வில்லும் அம்பும் ஏந்திய கோடீஸ்வரர். தொடக்கத்தில் அவருக்கும் தனிக் கார், தனிக் குகை, கூட ஒரு பையன் என்று பேட்மேனின் நகலாகவே இருந்தார். 1969-ல் டென்னி ஓ'நீல் அவருடைய சொத்து முழுவதையும் பறித்துவிட்டார். பணம் போனதும் ஏழைகளுக்காக உரக்கப் பேசும் கலகக்காரர் பிறந்தார். பணம் போனால் நாயகன் மிஞ்சுவானா என்ற சோதனையில் தேறியவர் ஆலிவர்.

1963-ல் மார்வெல் கொண்டுவந்த அயர்ன் மேன், டோனி ஸ்டார்க், வேறு வகை. புரூஸின் சொத்து அப்பா வைத்துவிட்டுப் போனது, அதில் அவருக்குக் குற்றவுணர்ச்சி கிடையாது. ஸ்டார்க் ஆயுத வியாபாரி. அவருடைய செல்வமே பிறர் சாவில் விளைந்தது, கவசம் போட்டு அவர் செய்வதெல்லாம் அதற்கான பரிகாரம். திரைப்படத்தில் தன் அடையாளத்தையும் அவர் வெகுநாள் மறைப்பதில்லை. 2008 படத்தின் கடைசியில் செய்தியாளர்கள் முன்னால் நான்தான் என்று சொல்லிவிடுகிறார். புரூஸால் அப்படிச் சொல்லவே முடியாது.

எழுதியவரின் கதை

பில் ஃபிங்கரைப் பற்றிச் சொல்லாமல் பேட்மேனை அறிமுகப்படுத்துவது தவறு. உடை, பெயர், முதல் கதை மட்டுமா? ராபின், ஜோக்கர், கேட்வுமன், கோதம் என இந்த உலகத்தின் பெரும்பகுதியில் அவர் கை இருக்கிறது. ஆனால் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் பாப் கேன் மட்டுமே. பல பத்தாண்டுகளுக்குப் பேட்மேனைப் படைத்தவர் என்று அச்சானது கேன் பெயர் ஒன்றுதான். ஃபிங்கர் 1974-ல், 59 வயதில், பணமும் பெயரும் இல்லாமல் இறந்தார். அவருக்கு உரிய பெருமை கிடைக்கவில்லை என்று கேன் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டது 1989-ல். எழுத்தாளர் மார்க் டைலர் நோபிள்மேன் ஆண்டுக்கணக்கில் தேடி ஆதாரம் திரட்டினார், ஃபிங்கரின் பேத்தியும் முன்வந்தார். 2015-ல்தான் டிசி நிறுவனம் இறங்கிவந்து ஃபிங்கரின் பெயரையும் சேர்த்தது. உலகத்தின் மிகப் பணக்கார நாயகர்களில் ஒருவரை எழுதியவர், அந்தப் பணக்காரர் யாருக்கெல்லாம் உதவியிருப்பாரோ அவர்களில் ஒருவராகவே வாழ்ந்து முடிந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கே தொடங்கலாம்?

காமிக்ஸ் படிக்கும் பழக்கமே இல்லாதவர் 'இயர் ஒன்'னிலிருந்து தொடங்கலாம். நாலே இதழ், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம், கார்டனும் புரூஸும் சமமாகக் கதையைத் தாங்குகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 1992 கார்ட்டூன் தொடர் சரியான வாசல், பெரியவர்களுக்கும் அலுக்காது. படங்களில் 2005-ஐ முதலில் பார்த்துவிட்டு 2022-க்குப் போங்கள். முந்தையதில் வெய்ன் குடும்பத்தின் கொடை பெருமையாக வரும், பிந்தையதில் அதே கொடை விசாரணைக் கூண்டில் நிற்கும். 1976-ல் வந்த லெஸ்லி தாம்ப்கின்ஸ் கதை பழைய தொகுப்புகளில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எதை எடுத்தாலும், படைத்தவர்கள் பெயர் இருக்கும் இடத்தில் ஃபிங்கரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2015-க்கு முன் அச்சான பிரதி என்றால் அநேகமாக இருக்காது.